பெரிய வெள்ளிக்கிழமையில் உருளைக்கிழங்கு

லண்டனில் மார்ச் மாதத்தை நம்பக் கூடாது. ஒரு நாள் வெயில் பளிச்சென்று அடிக்கும், ரோட்டோரத்தில் டாஃபடில் பூக்கள் மஞ்சளாக நிற்கும், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடப்போம். மறுநாள் விடிந்தால் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்ட வேண்டியிருக்கும். இங்கே இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த மாதத்தில் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, புடலை என்று நாம் ஆசைப்படுவதெல்லாம் வெயில் காய்கறி. அவற்றை மே மாதக் கடைசியில்தான் தைரியமாக வெளியே நட முடியும். அதுவரைக்கும் ஜன்னல் விளிம்பில் நாற்று வளர்த்துக்கொண்டு வானிலையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு நேர்மாறு. தோட்டத்தில் எனக்குப் பிடித்த மாதங்களே மார்ச்சும் ஏப்ரலும்தான். ஜூனில் யார் வேண்டுமானாலும் விதைக்கலாம், எதைப் போட்டாலும் முளைக்கும். குளிர் விலகாத மண்ணில் ஒரு வரிசை பட்டாணியை ஊன்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவதற்குக் கொஞ்சம் விசுவாசம் வேண்டும். வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த விசுவாசத்தை எதன்மேல் வைப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹாரோ பக்கம் எனக்கு ஒரு பாதி அலாட்மென்ட் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: அலாட்மென்ட் என்றால் உள்ளூர் கவுன்சில் வாடகைக்கு விடுகிற காய்கறி நிலம். வீட்டை ஒட்டியிருக்காது. ரயில் பாதையோரம், விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் என்று எங்கேயாவது வரிசை வரிசையாக மனை பிரித்துக் கிடக்கும். 1908-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இதற்கு அடிப்படை. அளவு இன்றைக்கும் ‘ராட்’ என்ற பழைய கணக்கில்தான். முழு மனை 10 ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். என்னுடையது அதில் பாதி, நம் கணக்கில் மூன்று சென்ட். மூன்று சென்ட் வாடகை நிலத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்காக நின்றேன் என்று ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஊர் என்றால் தேரிக்காட்டு ஓரம். சாத்தான்குளம், நாசரேத், மெஞ்ஞானபுரம் வட்டாரம். அங்கே செம்மணல். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் கிடக்கும். இங்கே ஹாரோவில் இருப்பது லண்டன் களிமண். குளிர்காலத்தில் பூட்ஸோடு அப்பிக்கொண்டு வீடு வரை வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஊரில் மழைக்காகத்தான் சபையாக உட்கார்ந்து ஜெபம் பண்ணுவோம். இங்கே மழைக்கு ஜெபம் பண்ண அவசியமே வந்ததில்லை. சூட்டுக்குத்தான் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதைத்த ஆட்களின் பேத்திக்கு இது புதுப்பாடம்.

எங்கள் ஊர்க் கோயிலில் விதைப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் ஐயர் தவறாமல் எடுப்பது பிரசங்கி 11-ம் அதிகாரம், 4-ம் வசனம். (ஐயர் என்றால் சபைப் போதகர். திருநெல்வேலிச் சபைகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். குழம்ப வேண்டாம்.) “காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்; மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்.” சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டு உட்காராதே, ஆண்டவரை நம்பி இறங்கு என்று அரை மணி நேரம் போகும். முன்வரிசையில் இருக்கும் விவசாயிகள் நன்றாகத் தலையாட்டுவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வேடிக்கை. இப்போது யோசித்தால், அவர்கள் வசனத்தை ஐயரைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. காற்றையே பார்க்காமல் விதைக்கிறவன் விதையை வீணடிப்பான், அவ்வளவுதான். அந்த வசனம் திட்டுவது, எல்லாம் கூடி வருகிற ஒரு நாளுக்காகக் காத்திருந்து காத்திருந்து பட்டத்தையே கோட்டை விடுகிறவனை.

அதற்கு இரண்டு வசனம் தள்ளி இன்னொன்று வருகிறது. அதை ஐயர்கள் அவ்வளவாக எடுப்பதில்லை. “காலையிலே உன் விதையை விதை, மாலையிலே உன் கையை நெகிழவிடாதே” என்று தொடங்கி, அதுவோ இதுவோ எது வாய்க்கும் என்று நீ அறியாயே என்று முடியும். இதைவிடத் தெளிவான தோட்டக் குறிப்பை நான் எந்த விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்திலும் படித்ததில்லை. ஒரே நாளில் மொத்த விதையையும் கொட்டாதே. மார்ச் தொடக்கத்தில் ஒரு வரிசை போடு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வரிசை போடு. முதல் வரிசை பனியில் போனால் இரண்டாவது நிற்கும். முதல் வரிசை தப்பித்தால் உனக்கு இரண்டு முறை அறுப்பு. முள்ளங்கி, ஸ்பினாச் கீரை, லெட்டூஸ் எல்லாவற்றையும் நான் இப்படித்தான் போடுகிறேன்.

சரி, காற்றை எந்த அளவுக்குக் கவனிப்பது? களிமண்காரர்களுக்கு முதல் பரீட்சை கையிலேயே இருக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். உருண்டை பிடித்து, கட்டைவிரலால் தேய்த்தால் பளபளவென்று வழுக்கினால், மண் இன்னும் தயாராகவில்லை. அன்றைக்கு மண்வெட்டியைத் தொடக் கூடாது, பாத்திக்குள் காலே வைக்கக் கூடாது. ஈரக் களிமண்ணை மிதித்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி இறுகிவிடும், அப்புறம் அந்த வருடம் முழுக்க அந்த இடத்தில் வேர் இறங்காது. பிடித்த உருண்டையை விரலால் ஒரு தட்டு தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் இறங்கலாம். அப்போதும் பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் வேலை.

இரண்டாவது பரீட்சை சூடு. லிங்கன்ஷயர் பக்கத்து விவசாயிகள் கால்சட்டையை இறக்கிவிட்டு வெறும் மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்களாம், உட்கார முடிந்தால் விதைக்கலாம் என்று கணக்கு. நான் ஒரு மண் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். அக்கம்பக்கத்தாருக்கு அதுதான் நல்லது. விரல் நீளம் மண்ணுக்குள் செருகி, காலையில் பார்க்க வேண்டும். மதியம் பார்த்தால் வெயில் காட்டும் பொய் எண்தான் கிடைக்கும். 5 டிகிரியை ஒட்டி நாலைந்து நாள் தொடர்ந்து நின்றால் பிராட் பீன்ஸ், லெட்டூஸ், ஸ்பினாச் போடலாம். 7 வந்தால் பட்டாணி, கேரட். பிரெஞ்சு பீன்ஸுக்கு 12 வேண்டும். நம் வெண்டைக்காய் இருக்கிறதே, அது 20 டிகிரி இல்லாமல் கண்ணைத் திறக்காது. லண்டன் மண்ணில் அந்த எண் வரும்போது பாதிக் கோடை போயிருக்கும்.

இந்த எண்களைப் பார்த்தாலே என் கருத்து விளங்கிவிடும். மார்ச்சில் விதைக்கிற பலர் கோடையை முன்னாலேயே இழுத்துவரப் பார்க்கிறார்கள். கண்ணாடி, ஹீட்டர், விளக்கு என்று செலவழித்து ஏப்ரலில் தக்காளியை வெளியே வைத்துவிட்டு, காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். அதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன், அது அடம். குளிருக்கென்றே படைக்கப்பட்ட செடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த மாதம்தான் நல்ல காலம். பனி விழுந்தால் ஸ்பினாச் தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த சாறு சுலபத்தில் உறையாது, கீரையும் இனிக்கிறது. பிராட் பீன்ஸ் நாற்றை உறைபனி விழுந்த காலையில் பார்த்தால் வெந்த கீரை மாதிரித் துவண்டு தரையில் கிடக்கும், போச்சு என்றே நினைப்போம். பத்து, பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் ஒவ்வொரு தண்டாக நிமிரும். மதியம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். குளிர் போய்விடும் என்று நம்புவது ஒன்று. குளிரிலும் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நம்புவது வேறு. எனக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கிறது.

பட்டாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர் மண்ணில் பட்டாணிக்கு முதல் எதிரி எலி. மெதுவாக முளைக்கிற விதையை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதற்கு இங்கத்திய அலாட்மென்ட்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வடிகிற பிளாஸ்டிக் ஓடை இருக்கிறது அல்லவா, அரைக்குழாய், அதில் கைக்கு அடக்கமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு முனையையும் டேப் ஒட்டி அடைத்து, கம்போஸ்ட் நிரப்பி, விரலால் குழி போட்டுப் பட்டாணியை இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி ஊன்றி, ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். என் வீட்டில் அது குளியலறை ஜன்னலில் இருக்கிறது. பல் தேய்க்கும்போது கண்காணிக்க வசதி.

நாற்று விரல் உயரம் வந்து, குழாயின் அடிவரை வேர் பின்னிக்கொண்டதும் தோட்டத்துக்கு எடுத்துப் போகலாம். மண்ணில் அதே அளவுக்கு ஆழமில்லாத ஒரு வாய்க்கால் கீறி, குழாயை நன்றாக நனைத்து, ஒரு முனையின் டேப்பைப் பிரித்து, சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து உள்ளங்கையால் தள்ளினால் மொத்த வரிசையும் வழுக்கிக்கொண்டு வாய்க்காலில் போய் உட்காரும். வேருக்கு ஒரு அசைவும் தெரியாது. இதைச் செய்யும்போது வருகிற சந்தோஷத்தை வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். பக்கத்தில் கிளைத்த குச்சிகளைக் குத்திவிட்டால் பற்றி ஏறிக்கொள்ளும். காய் வருகிறதற்கு முன்னாலேயே நுனித் தளிரைக் கிள்ளி, தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்தால் அருமையான பொரியல். கொஞ்சமாகக் கிள்ள வேண்டும், ஆசைப்பட்டு மொட்டையடித்துவிடக் கூடாது.

கடைக்குப் போகாமல் அஞ்சறைப்பெட்டியிலிருந்தே விதைக்கக் கூடியவையும் இருக்கின்றன. வெந்தயம், கடுகு, கொத்தமல்லி மூன்றுமே குளிர் தாங்கும். ஊரிலும் மல்லி நன்றாக வருவது பனிக்காலத்தில்தானே. இங்கே ஜூனில் போட்டால் வெயிலும் நீண்ட பகலும் சேர்ந்து அவசர அவசரமாகப் பூத்துவிடும், இலையே கிடைக்காது. மார்ச் கடைசியில், குளிர் படாமல் செடிக்குப் போர்த்துகிற மெல்லிய ஃபிளீஸ் துணியை மேலே போர்த்திப் போட்டால் நிதானமாகத் தழைக்கும். ஒரு மல்லி உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி உடைத்துப் போட வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு இங்கே ஷாலட் என்று பெயர். ஒரு பல்லை நட்டால் அதைச் சுற்றி ஏழெட்டுக் கூடும். நுனி மட்டும் தெரியும்படி மண்ணில் அமுக்கி வைக்க வேண்டும். மறுநாளே குருவிகள் புழு என்று நினைத்துப் பிடுங்கி வெளியே போட்டுவிடும், திரும்ப அமுக்க வேண்டும். இது ஒரு வாரம் நடக்கும். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

இனி உருளைக்கிழங்கு.

அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பெரிய வெள்ளிக்கிழமையில்தான் (இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் புனித வெள்ளி) உருளைக்கிழங்கு நட வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த, வேதத்தில் பேரே இல்லாத கிழங்கு என்று புராட்டஸ்டன்டுகளில் சிலர் அதைத் தொடத் தயங்கினார்களாம். கத்தோலிக்கர்கள் அதன்மேல் தீர்த்தம் தெளித்து, பிசாசுக்கு மண்ணின்மேல் அதிகாரம் இல்லாத நாள் என்று பெரிய வெள்ளியன்று நட்டார்களாம். இதைவிட எளிய காரணமும் உண்டு. கூலிக்கு உழைத்தவர்களுக்குக் குளிர்காலம் முடிந்து வரும் முதல் விடுமுறை அதுதான். சொந்தப் பாத்தியில் இறங்க அன்றைக்குத்தான் கை ஓய்ந்திருக்கும். ஆனால் இதே தீவுகளில், அன்று மண்ணில் இரும்பு படக் கூடாது என்று ஒதுங்கியிருந்த ஊர்களும் உண்டு.

எங்கள் வீடு இரண்டாவது கட்சி. பெரிய வெள்ளி என்றால் வெள்ளைச் சேலை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், வீட்டுக்கு வந்து கஞ்சி. மண்வெட்டி மூலையில் கிடக்கும். நான் அன்றைக்கு உருளைக்கிழங்கு நடப்போகிறேன் என்று அம்மாவிடம் முதல் தடவை ஃபோனில் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஏட்டி, பெரிய வெள்ளிக்கிழமையிலயா மண்ணக் கொத்தப் போற?”

“இங்க எல்லாரும் அன்னைக்குத்தாம்மா நடுவாங்க.”

“எல்லாரும் நட்டா நீயும் நடணுமா? சனிக்கிழமை என்ன, மழையா?”

உண்மையில் சனிக்கிழமை எனக்கு டியூட்டி. நான் நர்ஸ், லீவு கிடைக்கிற நாளில்தான் எனக்குப் பட்டம். அதைச் சொன்னால் எடுபடாது என்று தெரிந்து, நான் படித்துவைத்திருந்த ஒரு சங்கதியை எடுத்துவிட்டேன். அம்மா உயிராக நினைக்கிற மும்மணி ஆராதனை இருக்கிறதே, அது ஆதித் திருச்சபையில் இருந்து வந்த முறை இல்லை. 17-ம் நூற்றாண்டின் கடைசியில், பெரு நாட்டின் லீமா நகரத்தில் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிவைத்தது. 1687-ல் அங்கே வந்த பெரிய பூகம்பத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கிருந்து ரோம், அப்புறம் உலகம் முழுக்க. உருளைக்கிழங்கும் அதே பெரு நாட்டு ஆண்டிஸ் மலைகளில் பயிராகி வந்ததுதான். ஆக அம்மாவின் ஆராதனையும் என் கிழங்கும் ஒரே நாட்டுக்காரர்கள். நான் இதை மிகவும் ரசித்துச் சொல்லி முடித்தேன்.

“அதுக்கு?” என்றாள் அம்மா.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இங்கே சபையில் இரண்டிலிருந்து மூன்று மணி வரைதான் ஆராதனை. அது முடிந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் நடலாம். ஏப்ரலில் ஏழரை வரை வெளிச்சம் இருக்கிறது, போதும். சேலையை மாற்றிக்கொண்டு போ என்று ஒரு நிபந்தனை, அது சொல்லாமலேயே செய்யக் கூடியதுதான்.

பிப்ரவரியிலேயே விதைக்கிழங்கை முட்டை அட்டையில் கண் மேலே பார்க்கும்படி அடுக்கி, வெளிச்சம் படுகிற குளிர்ந்த அறையில் வைத்துவிடுவேன். இருட்டில் வைத்தால் வெளுத்த நீள முளை வரும், தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாக, கருநீலமும் பச்சையுமாக, குட்டிக் கொம்பு போல உறுதியாக வரும். நடும்போது ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குழி, குழிக்குக் குழி 30 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை அதைப் போல இரண்டு பங்கு. முளையை ஒடிக்காமல் மண்ணைக் கையாலேயே தள்ளி மூட வேண்டும். தலை தெரிய மூன்று வாரம் போல ஆகும். தெரிந்த பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால் சுற்றியுள்ள மண்ணை இழுத்து மேலே மூடிவிட்டால் போதும், தானாக மறுபடி வெளியே வரும். முந்தி விளையும் ரகம் என்றால் ஜூன் கடைசியில் கிழங்கு.

வழக்கத்தை மதிக்கலாம், நாட்காட்டியாக வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய வெள்ளி பௌர்ணமிக் கணக்கில் வருவது. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதற்கு இரண்டு நாள் முந்தி இது. மார்ச் 20-லிருந்து ஏப்ரல் 23 வரை எந்த நாளிலும் விழலாம். 2024-ல் மார்ச் 29, 2025-ல் ஏப்ரல் 18, இந்த 2026-ல் ஏப்ரல் 3. மண்ணுக்கு ஈஸ்டர் தேதி தெரியாது. அதனால் நான் பெரிய வெள்ளியன்றும் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்று தோன்றவில்லை.

வெயில் செடிகளை எப்போது வெளியே விடுவது என்பதற்கு இதைவிட நம்பகமான நாட்காட்டி ஒன்று சபைக் கையில் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து மனையில் இருக்கும் போலந்துக்காரப் பெரியவர். மத்திய ஐரோப்பாவில் மே மாத நடுவில் வரும் சில புனிதர்களின் திருநாட்களைப் பனிப் புனிதர்கள் என்று சேர்த்துச் சொல்வார்கள். மே 11 மமேர்ட்டஸ், 12 பங்கிராஸ், 13 செர்வேஷியஸ். போலந்தில் 12-ல் தொடங்கி 15-ம் தேதி சோஃபியா வரை எண்ணுவார்கள். அந்த நாட்களில் கடைசியாக ஒரு குளிர் வந்துவிட்டுப் போகும், அது போகும்வரை மிளகாயையும் தக்காளியையும் வெளியே வைக்காதே என்பது விதி. இந்த மமேர்ட்டஸ் யாரென்று தேடிப்பார்த்தால் பிரான்ஸில் வியென் நகரத்துப் பேராயர். 470-ஐ ஒட்டி, அந்த ஊரில் பூகம்பமும் தீயுமாக இருந்த காலத்தில், கிறிஸ்து பரமேறின திருநாளுக்கு முந்தின மூன்று நாள் ஜனங்களை உபவாசத்தோடு ஊர்வலமாக அழைத்துப்போய் ஜெபித்தவர். ரொகேஷன் நாட்கள் என்று அது பரவி, பின்னால் இங்கிலாந்தில் வயல்களைச் சுற்றிவந்து பயிருக்காக ஜெபிக்கிற வழக்கமாக நின்றது. வயலுக்காக ஜெபிக்கும் நாளுக்கு வித்திட்டவர் பெயரையே, இன்னும் நடாதே பொறு என்று தடுக்கும் நாளுக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் முன்வரிசை விவசாயிகளை அவருக்குப் பிடித்திருக்கும்.

ஆனால் போலந்துப் பெரியவருக்கும் எதிர் மனை ஜமைக்காப் பாட்டிக்கும் இதில் ஒத்துப்போவதில்லை. பாட்டி பெந்தெகொஸ்தே சபை, புனிதர் கணக்கெல்லாம் செல்லாது. அவர் நடுவதில் முக்கால்வாசி கல்லலூ. நம் குப்பைக்கீரையேதான் அது, நான் முதலில் பார்த்தபோது ஊரில் நிற்கிறேனோ என்று நினைத்தேன். மே முதல் வாரமே அதை விதைத்துவிட்டு, “கர்த்தர் பார்த்துக்கொள்வார், மகளே” என்பார். சாயந்திரம் போவதற்கு முன் மூன்று அடுக்கு ஃபிளீஸ் துணியை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுத்தான் போவார்.

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் காலைகளில் சில நேரம் வழியிலேயே இறங்கித் தோட்டத்தை எட்டிப் பார்ப்பேன். மாற்கு 4-ல் ஒரு சின்ன உவமை வருகிறது. ஒரு மனுஷன் விதைத்துவிட்டு இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, “அவனுக்குத் தெரியாதவிதமாய்” விதை முளைத்துப் பயிராகிறது. விதைக்கிறவன் உவமை பிரபலமான அளவுக்கு இது இல்லை. பாறை, முள், நல்ல நிலம் என்று பிரித்துப் பேச அதில் வசதி இருக்கிறது, இதில் அந்த மனுஷன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எனக்கோ இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், வசனத்துக்கு நேர் எதிர். ஆனாலும் அதே கதைதான். வார்டில் இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாரோவில் ஏதோ ஒரு மல்லி விதை நீரை உறிஞ்சி ஊதிக்கொண்டிருக்கும். நான் கவலைப்பட்டால் அது வேகமாக ஊதப்போவதில்லை. ஒரு முறை விதைத்த இடத்தைக் கிளறிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வார்டிலும் சரி, தோட்டத்திலும் சரி, நன்றாக இருப்பதைத் தொடாமல் விடுவது ஒரு திறமை.

இந்த வருடம் ரொகேஷன் ஞாயிறு மே 10-ல் வருகிறது, மமேர்ட்டஸ் நாளுக்கு முந்தின நாள். எங்கள் விக்கர் (இங்கத்திய சபைப் போதகர்) சபையாரை அலாட்மென்டுக்கே அழைத்துவந்து ஜெபிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் என் பாத்தியில் முள்ளங்கி, ஸ்பினாச், மல்லி, வெந்தயக்கீரை எல்லாம் கைக்கு வந்திருக்கும். இங்கே அறுப்பின் பண்டிகை என்றால் இப்போது பெரும்பாலும் டின் உணவு, ஃபுட் பேங்குக்குப் போகும். நல்ல காரியம்தான். ஆனால் ஊரில் அறுப்பின் பண்டிகை பார்த்தவர்களுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். வாழைத்தார், பூசணி, கால் கட்டிய கோழி, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய் முட்டையை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு எடுத்து, எடுத்தவரே மறுபடி காணிக்கையாக வைத்து, அது இரண்டாவது முறை ஏலம் போகும். கோயிலுக்குள் கொண்டாடுகிற இந்த அறுவடைப் பண்டிகையை இன்றைய வடிவத்தில் ஆரம்பித்துவைத்தவர் என்று காரன்வாலில் மோர்வென்ஸ்டோ கிராமத்துப் பாதிரியார் ராபர்ட் ஹாக்கரைச் சொல்வார்கள், 1843-ல். இங்கிருந்து போனதில் நாங்கள் ஏலத்தைச் சேர்த்துக்கொண்டோம்.

முதல் கட்டு முள்ளங்கியை மே 10 அன்று அலாட்மென்ட் கேட்டருகில் ஏலம் விடலாமா என்று விக்கருக்கு மெயில் போட்டிருக்கிறேன். ஏலம் எப்படி நடக்கும் என்று விளக்கமாகக் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறார். ஒரே முள்ளங்கியை இரண்டு முறை விற்கலாம் என்ற பகுதி அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.